அவுட்டர்ன் மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், அந்தப் பக்கம் கொல்லம் வரை எந்த அண்டி ஆபீஸும், அதாவது முந்திரித் தொழிற்சாலையும், உள்ளூர்க் கொல்லாமரத்தை மட்டும் நம்பி ஓடுவதில்லை. ஐவரி கோஸ்ட், கானா, கினி பிசாவ், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் கப்பலில் வரும் பச்சைக்கொட்டைதான் இங்கே பல பெண்களுக்கு வேலை தருகிறது. அதை இறக்குமதி செய்யும் முதலாளிகளுக்குத் தாள் வேலை பார்ப்பது என் தொழில். எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் (இதுதான் அவுட்டர்ன்), ஈரப்பதம் எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை கொட்டை என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். 48 அவுட்டர்ன் என்று ஒப்பந்தம் போட்டு 46 வந்தால் அன்று யாரும் தூங்குவதில்லை. அந்தக் கொட்டையைப் பொறுக்கியது யார், அவருக்குக் கூலி போனதா என்பதற்கு மட்டும் எந்த ஆவணத்திலும் இடமில்லை.

இப்போது வெளிநாட்டில் பருப்பு வாங்குகிறவர்கள் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "அண்ணாச்சி, ஒரு லெட்டர்ஹெட்டில் கட்டாய உழைப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் முடிந்ததுதானே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முடியாது. சப்ளையர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ் அது. வெளிநாட்டுச் சுங்கத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் அதை வைத்து மீட்க முடியாது.

அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கத்தீர்வைச் சட்டத்தில் 307ஆவது பிரிவு, கட்டாய உழைப்பால் உருவான பொருளை உள்ளே விடக் கூடாது என்கிறது. உள்நாட்டு உற்பத்தி தேவைக்குப் போதாவிட்டால் தடை பொருந்தாது என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. முந்திரி போல அங்கே விளையாத பொருளுக்கெல்லாம் அது வசதியான வாசல். 2016இல் அதை அடைத்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. சீனாவின் சின்ஜியாங் பகுதியின் மூலப்பொருள் கலந்திருந்தாலே கட்டாய உழைப்பில் உருவானது என்று அது முன்கூட்டியே கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. பருத்தி, தக்காளி, சோலார் தகட்டுக்கான பாலிசிலிக்கான் என்று தொடங்கிய முன்னுரிமைப் பட்டியலில் 2024இல் அலுமினியமும் சேர்ந்தது. பருப்பை அடைக்கும் பையில் உள்ள அலுமினியத் தாளின் ரோல் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைச் சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் பொருந்தும். கட்டாய உழைப்பில் உருவாகியிருந்தால், எந்த நாட்டில் செய்த பொருளானாலும் அங்கே விற்க முடியாது.

நம் துறைமுகச் சுங்கத்தில் இந்தக் கேள்வி வருவதில்லை. அதனால்தான் அசட்டை. ஆனால் பொருள் உருவான நாட்டைக் காட்டித் தீர்வைச் சலுகை கேட்பவர்கள் 2020 செப்டம்பர் முதல், பொருள் எந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவற்றை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். அந்தக் கோப்பைச் சடங்காக நிரப்புகிறோம். அதே கோப்பைக் கொஞ்சம் விரித்தால் வெளிநாட்டார் கேட்பதில் பாதி அங்கேயே வந்துவிடும்.

மீதிப் பாதிதான் கடினம். மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டை பல சிறு வியாபாரிகளின் கை மாறித்தான் துறைமுகக் கிடங்குக்கு வருகிறது. வழியில் எல்லை தாண்டிய சரக்கும் கலக்கும். துறைமுகத்தில் மூட்டை கட்டியபின் எந்த ஊர்க் கொட்டை என்று கேட்டால் ஏற்றுமதியாளருக்கே தெரியாது. ஆகவே கிராமத்துக் கொள்முதல் பதிவு, எடைச்சீட்டு, லாரி ரசீது, கிடங்கின் பெயர் ஆகியவை உங்கள் லாட் எண்ணோடு, அதாவது சரக்குத் தொகுதியின் எண்ணோடு, ஒத்துப்போகும்படி வாங்க வேண்டும். கிடங்கில் மூட்டை சுமப்பவர்களை வேலைக்கு எடுத்தது யார், வாரக்கூலி யார் கையிலிருந்து போகிறது என்பதையும் கேளுங்கள். தான்சானியாவில் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கிடங்கு ரசீது, பிறகு ஏலம் என்ற முறை இருப்பதால் தடம் பிடிப்பது எளிது. விலை சற்று ஏறினாலும் ஐரோப்பாவுக்குப் போகும் லாட்டுக்கு அந்தக் கொட்டையைத் தனியே வைக்கச் சொல்வேன்.

தோட்டத்தில் பெற்றோரோடு பிள்ளை கொட்டை பொறுக்கினாலே கட்டாய உழைப்பு ஆகிவிடாது. கடனுக்கு ஈடாகவோ, மிரட்டியோ வேலை வாங்கினால் ஆகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சப்ளையரைக் குற்றவாளிபோல் விசாரித்தால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது. உடைத்த பருப்பையே வாங்கி இங்கே தரம் பிரித்து அனுப்புகிறவர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். வியட்நாமின் போதை மறுவாழ்வு மையங்களில் அடைக்கப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தி முந்திரி உடைக்க வைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2011இல் வெளிக்கொண்டு வந்தது.

அடுத்து, நம் வீடு. வாங்குகிறவரின் ஆய்வாளர் ஆப்பிரிக்கா போவதற்கு முன் உங்கள் ஆபீஸுக்குத்தான் வருவார். அசாம், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் ஆதார் அட்டையை "பத்திரத்துக்காக" மேஜை டிராயரில் பூட்டி வைப்பது, முன்பணம் அடையும்வரை ஊருக்கு விடாமலிருப்பது போன்றவற்றை நாம் நிர்வாகம் என்று நினைக்கிறோம். அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பதும் கடனால் கட்டிப்போடுவதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பதினோரு அறிகுறிகளில் இருக்கின்றன. முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கட்டிவைப்பது நம் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படியும் குற்றம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. ஆதார் நகலை எடுத்துக்கொண்டு அசலை இன்றே திருப்பிக் கொடுங்கள். முன்பணத்தைத் தனிப் பேரேட்டில் எழுதி, கணக்கு முடியாவிட்டாலும் வேலையை விட்டுப் போகலாம் என்று அவர்கள் படிக்கும் மொழியில் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் எல்சி (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். பணம் போனபின் எந்த ஏற்றுமதியாளரும் எடைச்சீட்டைத் தேடிக்கொண்டு அமரமாட்டார். ஐவரி கோஸ்ட் சீசன் பிப்ரவரி வாக்கில் சூடுபிடிக்கும்; கேள்விப் பட்டியல் டிசம்பரிலேயே அவர்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் அவுட்டர்ன் குறைந்தால் விலைக் கழிவு என்று எழுதும் வரிக்கு அடுத்த வரியிலேயே, கொள்முதல் பதிவு வராவிட்டால் கடைசித் தவணையை நிறுத்திவைப்போம் என்றும் எழுதுங்கள்.