கணக்கு பிடிக்கத் தொடங்குவது எப்போது?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையைக் கணக்கு டியூஷனில் சேர்க்கும்போதே, "இவனுக்குக் கணக்கே ஏறாது, அப்படியே அவங்க அப்பா" என்று அவன் காதுபடச் சொல்லிவிடுவார்கள். பாடத்தின்மேல் முதலில் விருப்பம் வரவேண்டும், அதன் பிறகே அது மண்டையில் ஏறும் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் இதற்கு எதிரான வரிசையையே காட்டுகின்றன.

கணித அச்சம் மிகுந்தவர்களை இயன் லயன்ஸ், சியன் பைலாக் இருவரும் மூளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து ஆராய்ந்து, முடிவுகளை 2012-இல் வெளியிட்டார்கள். அடுத்து வரப்போவது கணக்கா, சொற்களைப் பற்றிய கேள்வியா என்பது ஒரு குறியீட்டால் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. கணக்கு வரப்போகிறது என்று அறிந்ததும், உடல் வலியை உணர்வதோடு தொடர்புடைய இன்சுலா என்னும் மூளைப் பகுதியின் பின்புறம் அவர்களிடம் கூடுதலாகக் கிளர்ந்தது; கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. நோட்டைத் திறப்பதற்கு முன்பான நிமிடங்களே மிகக் கொடியவை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அந்த அச்சம் வேறொரு கேட்டையும் செய்கிறது. 47-உடன் 38-ஐ மனக்கணக்காகக் கூட்டும்போது, 15-இல் 5-ஐ வைத்துக்கொண்டு, பத்தாம் இடத்துக்குப் போகவேண்டிய 1-ஐச் சில நொடிகள் நினைவில் தாங்கவேண்டும். குறுகிய கொள்ளளவு உடைய அந்தத் தற்காலிக நினைவைப் பதற்றம் பங்குபோட்டுக்கொள்வதை மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கர்க் இருவரின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. இடமில்லாததால் விடை தவறுகிறது, தவறிய விடை அச்சத்தை வளர்க்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தச் சுழற்சி முழுவதும் 'கணக்கு வராத மூளை' என்றே தோன்றுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனனின் குழு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரங்கள் தனித்தனியே கணக்குச் சொல்லிக்கொடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. அச்சம் மிகுந்திருந்த பிள்ளைகளிடம் அது குறைந்தது. அச்ச உணர்வில் பங்குள்ள அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் மிகைச் செயல்பாடும் தணிந்தது. பயத்துக்கென்று தனிச் சிகிச்சை எதுவும் தரப்படவில்லை, சொல்லிக்கொடுத்தது கணக்கு மட்டுமே.

அச்சம் போனால் விருப்பம் தானாக வந்துவிடாது. உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் இருவரும் 1981-இல் வெளியிட்ட சோதனையே இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கழித்தலில் பின்தங்கி, அதில் ஆர்வமும் இல்லாத பிள்ளைகளிடம் ஏழு அமர்வுகளுக்கான 42 பக்கப் பயிற்சி தரப்பட்டது. ஒரு பிரிவினரிடம் அமர்வுக்கு 6 பக்கம் என்றும், இன்னொரு பிரிவினரிடம் கடைசிக்குள் 42 பக்கம் என்றும் இலக்கு சொல்லப்பட்டது. பாடம் ஒன்றே, இருந்தும் 6 பக்கப் பிரிவினர் நன்றாகக் கற்றதோடு, தங்களால் முடியும் என்ற நம்பிக்கையையும் பெற்றார்கள். பிறகு விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, கழித்தல் கணக்குகளைத் தாமாகவே எடுத்துப் போட்டவர்களும் அவர்களே. தொலைவிலிருந்த இலக்கோ, இலக்கே சொல்லாமல் விட்டதைவிடப் பெரிதாக எந்தப் பயனும் தரவில்லை.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பரிசு கிடைக்கும்போது மூளையில் ஊக்கத்தோடும் கற்றலோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மிகுதியாகத் துடிப்பதைக் காட்டின. தப்பாகத்தான் வரும் என்று நினைத்துப் போட்ட விடை சரியாக வந்துவிட்டால், முதல் மதிப்பெண் மாணவனைவிட அச்சமுள்ள மாணவனுக்கே அந்த வியப்பு பெரிதாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு, இயற்கணிதம், வடிவியல் என்று இரு பகுதிகளாக வருகிறது. இருபடிச் சமன்பாட்டில் திணறும் பிள்ளையைச் சில வாரங்கள் ஏழாம் வகுப்புப் பின்னங்களுக்குத் திருப்பி அனுப்பினால், சரியான விடை நாள்தோறும் கைக்கு எட்டும். போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் டியூஷன்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. கட்டணத்தைப் பேசும் முன்பே பெற்றோர் இதைக் கேட்டுவிடுவது நல்லது.