தேடல் பெட்டி பதில் சொல்ல வேண்டாமா?

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்து அலுவலக மென்பொருள்களைச் சோதிப்பது என் வேலை. எதை எடுத்தாலும் முதலில் திறப்பது தேடல் பெட்டியைத்தான். பக்கங்களைக் கண்ணால் மேய முடியாதவர் நீண்ட ஆவணத்தில் தேடலை நம்பித்தான் நகர்கிறார்.

அண்மையில் சோதித்த ஒரு சொற்செயலியில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினேன். ‘எடிட்’ என்று மட்டும் சொன்னது என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடர். தேடும் சொல்லுக்கான கட்டமா, மாற்றும் சொல்லுக்கானதா? கட்டத்தின் பக்கத்திலேயே பெயர் பளிச்சென்று இருக்கிறது. நிரலில் இரண்டையும் யாரும் இணைக்கவில்லை. ‘ஓய்வூதியம்’ என்று தட்டி என்டர் அழுத்தினேன். பேச்சில்லை. திரையில் கட்டம் சிவந்து, அடியில் பொடி எழுத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று வந்திருந்தது.

சொல் கிடைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆவணத்தில் அந்தச் சொல் தேர்வாகிறது. ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இயங்கும் இடம், பெட்டியிலேயே நிற்பதால் அந்த வரி காதுக்கு எட்டுவதில்லை. ஆவணம் முடிந்து தேடல் முதலிலிருந்து தொடங்கினாலும் தெரியாது. ‘அனைத்தையும் மாற்று’ இன்னும் மோசம்: எத்தனை இடத்தில் என்ன மாறியதோ, யாருக்குத் தெரியும்!

இதற்கு நெறி இருக்கிறது. 2018-இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.1-இன் 4.1.3 விதி, ஃபோகஸை நகர்த்தாமலே ‘கிடைக்கவில்லை’ போன்ற நிலைச் செய்திகள் ஸ்கிரீன் ரீடருக்கு எட்ட வேண்டும் என்கிறது. இணையத்துக்கென எழுதிய விதிதான். மற்ற மென்பொருளுக்கும் அதே நியாயம். இணையச் செயலியில், நிலைச் செய்திக்கான இடம் என்று ஸ்கிரீன் ரீடருக்குக் காட்டும் ‘ஸ்டேட்டஸ்’ ரோல் உள்ள காலி இடத்தை முன்பே வைத்துவிட்டு, செய்தியைப் பிறகு அதில் எழுதுங்கள். விண்டோஸ் மென்பொருளுக்கு, ஸ்கிரீன் ரீடரோடு பேச உதவும் யுஐ ஆட்டோமேஷனில் அறிவிப்பு நிகழ்வு உண்டு. கிடைத்த இடங்களில் இது எத்தனையாவது என்பதை ‘12-இல் 3’ என்று சொல்லி, அந்த வரியையும் வாசித்தால் போதும். அதற்காக ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணிக்கையை ஒப்பிக்கவும் வேண்டாம், அது தொல்லை. தட்டுவது நின்றபின் சொல்லட்டும். எஸ்கேப் அழுத்தினால் கர்சர் கண்டுபிடித்த சொல்லில் நிற்க வேண்டும்.

என்விடிஏ இலவசம். இன்சர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஒருமுறை உறுதி கேட்டுவிட்டுத் திரையை இருட்டாக்கிவிடும். வெளியீட்டுக்கு முன், உங்கள் மென்பொருளில் அந்த இருட்டிலேயே ஒரு சொல்லைத் தேடி மாற்றிவிட்டு, எத்தனை மாறியது என்று சோதனைக் குழுவைச் சொல்லச் சொல்லுங்கள்.