உந்துவிசை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்: மாறுசுழற்சி ஜெட் இன்ஜின்கள் பற்றி

போர் விமான இன்ஜின் பற்றிப் பேச்சு எடுத்தாலே மாணவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோநியூட்டன் சார்?" என்பதுதான். விமானப்படையில் இன்ஜின் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருமங்கலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உந்துவியல் பாடம் எடுக்கிறேன். கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. "பறக்கும்போதே தன்னை மாற்றிக்கொள்கிற இன்ஜினை அமெரிக்காவில் செய்துவிட்டார்களாமே, நாம் ஏன் நேரே அதற்குப் போகக் கூடாது?" மாறுசுழற்சி இன்ஜினைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களும் இதையேதான் சொல்கின்றன. இதை நம்பி இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்பு எடுக்கிற பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைக்கிற பெற்றோரும் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிலோநியூட்டன் எண். இன்ஜினுக்குச் சொல்லப்படும் உந்துவிசை, கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், நின்ற நிலையில் கிடைப்பது. மதுரையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது, அதே இன்ஜின் அதே விசையைத் தராது. முப்பதாயிரம் அடி உயரத்தில் கணக்கே வேறு. ஆகவே ஒற்றை எண்ணை வைத்து இரண்டு இன்ஜின்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உள்ளே வரும் காற்று எங்கே போகிறது, உண்டாகும் சூடு எங்கே போகிறது என்பதைக் கேட்க வேண்டும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். மதுரை விமான நிலையத்தில் இறங்கும் ஏர்பஸ் 320-இன் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் ஆள் உயரத்துக்கு ஃபேன். அது இழுக்கும் காற்றில் பெரும்பகுதி எரியும் பகுதிக்குள் போகாமல், அதைச் சுற்றிப் பின்னால் போய்விடும். இதுதான் பைபாஸ். புதிய ரக 320-களில் உள்ளே ஒரு கிலோ காற்று போனால் சுற்றி 11, 12 கிலோ போகும். சூலூர் தளத்தில் இருக்கும் நம் போர் விமானமான தேஜஸின் எஃப்404 இன்ஜினிலோ, உள்ளே ஒரு கிலோ போனால் சுற்றிப் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோதான். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். குறைந்த காற்றை அதிவேகமாகத் தள்ளினால்தான் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறப்பது சுலபம். போர் விமானத்துக்கு இரண்டும் வேண்டும். மணிக்கணக்கில் ரோந்து சுற்ற வேண்டும், சண்டை என்று வந்தால் சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். வழக்கமான இன்ஜினில் இந்த விகிதத்தை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். பிறகு அதன் ஆயுள் முழுக்க அந்தச் சமரசத்தோடுதான் பறக்கும்.

மாறுசுழற்சி இன்ஜின் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பேரணையில் ஷட்டரை ஏற்றி இறக்கி வைகைத் தண்ணீரை ஆற்றுக்கும் பெரியாறு கால்வாய்க்கும் பிரித்து விடுகிறார்களே, அதுபோல இங்கே காற்றைத் தேவைக்கேற்பப் பிரித்து விடுகிறார்கள். இப்போது சோதிக்கப்படும் வகைகளில் மூன்று தடங்கள் உண்டு: நடுவில் எரிபொருள் எரியும் பகுதியான கோர், அதைச் சுற்றி வழக்கமான பைபாஸ், அதற்கும் வெளியே மூன்றாவதாக ஒரு தடம். ரோந்தின்போது மூன்றாவது தடம் வழியே அதிகக் காற்று போகும். சண்டையின்போது அதைக் குறைத்துக் கோருக்குத் திருப்புவார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் ஆதாயம் இருக்கிறது. விமானத்தின் இன்டேக், அதாவது காற்று நுழையும் வாய், முழு வேகத்துக்குத் தேவையான காற்றுக்காக அளவெடுத்துச் செய்தது. திராட்டிலைக் குறைத்தால் இன்ஜின் அத்தனை காற்றை விழுங்காது. மிச்சக் காற்று இன்டேக்கின் உதட்டில் மோதி வெளியே வழியும், அது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ரோந்தில் எரியும் எரிபொருளில் ஒரு பகுதி இந்த இழுவையைச் சமாளிக்கவே போகிறது. மூன்றாவது தடம் இருந்தால், உந்துவிசையைக் குறைத்தாலும் இன்டேக்குக்குள் வரும் காற்று குறையாது. வழிய வேண்டிய காற்றையும் உள்ளே வாங்கிப் பின்னால் அனுப்பிவிடலாம். எரிபொருள் சேமிப்பு என்று சொல்லப்படுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம் சூடு. எரிந்த வாயுவின் வேகத்தில் சுழலும் பகுதி டர்பைன். அதற்குள் நுழையும் வாயு, பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவை உருகும் வெப்பத்தைவிடச் சூடானது. பிளேடு தாங்குவதற்குக் காரணம், அதன் உள்ளே ஓடி, ஊசி நுழையும் அளவுள்ள துளைகள் வழியே வெளிவந்து மேற்பரப்பை மூடிக்கொள்ளும் குளிர்ந்த காற்று. மெல்லிய குழாய்க் கேமராவை இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் பரிசோதனையில் ஒருவர் ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றிக் கொடுப்பார், இன்னொருவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பிளேடாக எண்ணிக்கொண்டே போவார். முன்விளிம்பில் ஒரே ஒரு துளை அடைத்திருந்தாலும் அதன் பின்னால் நிறம் மாறியிருக்கும், மேல்பூச்சு உரிந்து உலோகம் தெரியும். அந்த விளிம்பை ஒரு முறை திரையில் பார்த்தவர்கள் "இன்னும் கொஞ்சம் சூட்டில் ஓட்டினால் என்ன?" என்று கேட்க மாட்டார்கள்.

சூட்டுப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35 ஓர் உதாரணம். ரேடாரும் மின்னணுக் கருவிகளும் கக்கும் வெப்பத்தைத் தணிக்க, திட்டமிட்டதைவிட அதிகமான காற்றை இன்ஜினிலிருந்து உருவ வேண்டியிருக்கிறது. அதனால் இன்ஜின் கூடுதல் சூட்டில் ஓடித் தேய்கிறது. பராமரிப்புச் செலவு 3,800 கோடி டாலர் கூடும் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2023-இல் சொன்னது. மூன்றாவது தடத்தில் ஓடும் காற்று குளிர்ச்சியானது, இந்தச் சூட்டை அதில் கொட்டலாம். என் கணிப்பில், எரிபொருள் சேமிப்பைவிட இதுதான் மாறுசுழற்சி இன்ஜினின் பெரிய வரம்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் இன்னும் எந்தப் படையிலும் சேரவில்லை? ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த ஒய்எஃப்120 மாறுசுழற்சி இன்ஜின் 1990-லேயே பறந்துவிட்டது. ஆஃப்டர்பர்னர் (இன்ஜினின் பின்புறம் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு) இல்லாமல் ஒய்எஃப்-22 என்ற சோதனை விமானத்தை ஒலியைப் போல 1.58 மடங்கு வேகத்தில் கொண்டுபோனது. போட்டியாக வந்த பிராட் அண்ட் விட்னியின் ஒய்எஃப்119 அதே விமானத்தில் 1.43 மடங்குதான் எட்டியது. ஆனாலும் 1991-இல் தேர்வானது எளிமையான, ஆபத்து குறைந்த இரண்டாவது இன்ஜின்.

2020 டிசம்பரில் அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எக்ஸ்ஏ100, ஒஹாயோவில் சோதனை மேடையில் ஓடத் தொடங்கியது. எரிபொருள் திறன் 25 சதவீதம், உந்துவிசை 10 சதவீதம் கூடும் என்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க விமானப்படை அதை எஃப்-35-க்கு எடுத்துப் போகவில்லை. செலவு அதிகம், செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி-க்குப் பொருந்தாது. இருக்கும் இன்ஜினின் கோரை மேம்படுத்தினால் போதும் என்று முடிவானது. அடுத்த தலைமுறை விமானத்துக்கான எக்ஸ்ஏ102, எக்ஸ்ஏ103 இரண்டும் 2025 தொடக்கத்துக்குள் விரிவான வடிவமைப்பு ஆய்வைத்தான் முடித்திருந்தன. இவை பறந்து திரிவதாக ஒரு வீடியோ சொன்னால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பராமரித்தவன் என்ற முறையில் அந்த முடிவுகள் எனக்குப் புரிகின்றன. தடத்தைத் திறந்து மூடுவதற்கு வால்வு வேண்டும், அதை நகர்த்த ஆக்சுவேட்டர் வேண்டும், கசியாமலிருக்க சீல் வேண்டும். இவை அத்தனையும் சூட்டிலும் அதிர்விலும், நம் ஊர் தூசியிலும் கடலோரத் தளங்களின் உப்புக் காற்றிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் சிக்காமல் வேலை செய்ய வேண்டும்.

சரி, நம் நிலை? பெங்களூரில் வடிவமைத்த காவேரி இன்ஜின் 81 கிலோநியூட்டன் இலக்கை எட்டாமல் 70 பக்கத்தில் நின்றது. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்று ஆஃப்டர்பர்னர் இல்லாத காவேரியை ஆளில்லா விமானத்துக்காக வளர்க்கிறார்கள். ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிக டர்பைன் பிளேடுகளை உருவாக்கி, ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக 2021-இல் 60 பிளேடுகளை விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்-க்குக் கொடுத்தது. இதெல்லாம் தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் சூட்டைத் தாங்கும் கோர் கைவசம் இல்லாமல் அதைச் சுற்றி எத்தனை தடம் போட்டும் பயனில்லை. உலோகவியல், பூச்சு, சீல், ஆக்சுவேட்டர் பக்கம் போகும் பிள்ளைகளை "இது விமானப் படிப்பு மாதிரி இல்லையே" என்று பெற்றோர் தடுக்க வேண்டாம். இன்ஜின் நின்றுபோவதும் ஓடுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இன்ஜின் கணக்குப் போட்டுப் பார்க்கும் நாசாவின் எஞ்சின்சிம் மென்பொருள் இலவசம். முப்பதாயிரம் அடி, மாக் 0.8 (ஒலியின் வேகத்தில் 0.8 மடங்கு) வைத்து, பைபாஸ் விகிதம் 0.3-இல் ஒரு முறை, 0.9-இல் ஒரு முறை ஓட்டுங்கள். எரிபொருள் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். மாக் 1.5-இல் அதே இரண்டையும் திரும்ப ஓட்டுங்கள். நான்கு விடைகளையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்தால், மூன்றாவது தடத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று உட்கார்ந்து பேசலாம்.