கோல்ஃப் ஸ்விங்கை மாற்றும்போது கோச்சிடம் போகலாமா?

"சேர், ஸ்விங்கை மாத்திக்கொண்டிருக்கிறன். இப்ப கோச்சிட்டப் போனா குழப்பிப்போடுவார். சரி வந்த பிறகு போவம் எண்டு பாக்கிறன்."

திருகோணமலையில் என் இயன்மருத்துவ அறைக்கு கீழ்முதுகு வலியோடு வந்த ஒருவர் சொன்னது இது. வயது ஐம்பதைத் தாண்டியவர், வலக்கைக்காரர். சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானத்தில் விடுமுறை நாட்களில் விளையாடுவார். யூடியூப் பார்த்து நான்கு மாதமாகத் தானே ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் அசைவை, மாற்றியிருக்கிறார்.

சுவரை எழுப்பி முடித்த பிறகா தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்போம்? மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்தில் இன்னொருவரின் கண் வேண்டும். பல வருடம் பழகிய அசைவு உடலுக்குச் சரியானதாகவே தோன்றும். புதியது சரியாக இருந்தாலும் கோணலாகத் தோன்றும். அந்த நேரத்தில் நம் உணர்வை நம்ப முடியாது. இவர் இடுப்பை நன்றாகத் திருப்புவதாகத்தான் நினைத்திருந்தார். போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினேன். இடுப்பு அசையவே இல்லை. முதுகுதான் முறுகியது. அதன் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

முழு ஸ்விங்கில் தோள் சுமார் 90 பாகை திரும்பும். கீழ்முதுகின் எலும்புகள் எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 பாகை வரைதான் சுழலும். மிச்சம் இடுப்பு மூட்டிலிருந்தும் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பிலிருந்தும் வர வேண்டும். அங்கே இறுக்கம் இருந்தால் கீழ்முதுகு அந்தக் கடனைக் கட்டும். கோல்ஃப் காரருக்கு அதிகம் வலிக்கும் இடமும் அதுதான்.

இடுப்பு மூட்டு இறுக்கமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். முழங்கால்களை அசைக்காமல் ஒரு பாதத்தை வெளிப்பக்கமாகக் கொண்டுபோங்கள், அப்புறம் மற்றதை. ஒரு பக்கம் அசைவு நன்றாகக் குறைந்தால் அதைக் கோச்சிடம் முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் "இன்னும் திரும்பு" என்பார், நீங்களும் முதுகால் திரும்புவீர்கள்.

இங்கிலாந்தின் பெரிய கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ போன்ற ஒருவரே கோச் டேவிட் லெட்பெட்டரிடம் ஸ்விங்கை மாற்ற ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தார். 1987 இல்தான் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். இடையில் ஆட்டம் இறங்கும். அதைக் கண்டு கோச்சை மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் படிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஒரு பாடம், ஒரு மாற்றம், பிறகு இரண்டு மூன்று கிழமை பயிற்சி. பந்தில்லாமல் மெதுவாக வீசுவதே அதில் பாதியாக இருக்கட்டும். பயிற்சிக்கு நேரமில்லை, அல்லது அடுத்த கிழமை போட்டி இருக்கிறது என்றால் பாடத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வலி காலுக்கு இறங்கினால், விறைத்தால், கால் பலவீனமானால் கோல்ஃபை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். சிறுநீரை அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

இவருக்கு அப்படி எதுவும் இல்லை. இடது இடுப்பு மூட்டுத்தான் இறுக்கம். அதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, கோச்சிடம் காட்டச் சொன்னேன். முதல் பாடத்தில் கோச் ஸ்விங்கைத் தொடவே இல்லையாம். நிற்கும்போது இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாராம், அவ்வளவுதான்.