இலையில் விளையும் சர்க்கரை வேரை அடையும் வழி

மரத்தண்டின் பட்டையை ஒரு வளையமாகச் சுற்றிலும் உரித்துவிட்டால், மேலே உள்ள இலைகள் உடனே வாடுவதில்லை. உட்கட்டை வழியாக நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் நாளடைவில் வளையத்தின் மேல்விளிம்பு புடைத்து வீங்க, கீழே வேர்கள் உணவின்றி நலிகின்றன. 17ஆம் நூற்றாண்டில் மார்செல்லோ மால்பிகி என்னும் இத்தாலிய அறிஞர் செய்து பார்த்த இச்சோதனை, இலையில் உருவாகும் உணவு பட்டையின் உட்புறத் திசுவான புளோயம் வழியாகவே இறங்குகிறது என்பதைக் காட்டியது.

அந்த உணவு பெரும்பாலான தாவரங்களில் சுக்ரோஸ் என்ற சர்க்கரையாகவே பயணிக்கிறது. குளுக்கோஸைப் போல் அது புரதங்களோடு எளிதில் வினைபுரிவதில்லை. நெடுந்தொலைவு அனுப்ப வேண்டிய சரக்குக்கு இந்த மந்தத்தன்மை பெரிய தகுதி. புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்கள் உயிருள்ளவை என்றாலும் அவற்றுக்கு உட்கரு கிடையாது. ஒட்டியிருக்கும் துணைச் செல்களே அவற்றைப் பேணி வருகின்றன.

சர்க்கரை ஏற்றப்படும் இடத்தில்தான் நுட்பம் அதிகம். பல தாவரங்களில், 2010இல் அடையாளம் காணப்பட்ட 'ஸ்வீட்' எனும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த சில புரதங்கள் சுக்ரோஸை இலைச்செல்லிலிருந்து செல்சுவர் இடைவெளிக்குக் கசியவிடுகின்றன. அங்கிருந்து அதைக் குழாய்க்குள் இழுப்பதற்கு ஆற்றல் தேவை. துணைச் செல், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறைச் செலவிட்டுப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை உள்ளே திரும்பும்போது, 'சட்' எனப்படும் கடத்திப் புரதத்தின் வழியே சுக்ரோஸையும் உடன் அழைத்து வருகின்றன. குழாயினுள் செறிவு கூடியதும், அருகிலுள்ள, நீரை மேலேற்றும் திசுவான சைலத்திலிருந்து நீர் சவ்வூடு பரவி உள்ளே புகுந்து, ஏறக்குறைய 10 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்குகிறது. சர்க்கரை இறக்கப்படும் வேர் நுனியிலும் கனியிலும் அழுத்தம் குறைவாதலால், சாறு மணிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் அத்திசைக்கு ஓடுகிறது. 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் அடிப்படையாக உள்ளது.

வளர்ச்சியைத் தீர்மானிப்பது ஒளிச்சேர்க்கையின் அளவு மட்டும்தான் என்று எண்ணுவது எளிது. ஆனால் உருளைக்கிழங்குச் செடியில் சுக்ரோஸ் கடத்தியின் அளவை ஆய்வாளர்கள் குறைத்தபோது, இலைகளில் சர்க்கரையும் மாவுச்சத்தும் தேங்கின; கிழங்கு விளைச்சலோ சரிந்தது. மேலும், தேங்கிய சர்க்கரை ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களின் செயல்பாட்டைத் தணித்துவிடும். பாதை அடைபட்டால், ஒரே செடியில் இலை நிறைந்திருக்க வேர் பட்டினி கிடக்க நேரிடுகிறது. சர்க்கரை உணவாக மட்டுமன்றிச் செய்தியாகவும் இயங்குகிறது: பட்டாணிச் செடியின் நுனியைக் கிள்ளியதும் பக்க மொட்டுகள் விழித்தெழுவதற்கு, அவற்றை நோக்கி விரைந்து பாயும் சுக்ரோஸ் முதல் தூண்டுதலாவதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

வறட்சியில் இந்த ஏற்பாடு கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. நீர் குறையும்போது சாறு தடித்து ஓட்டம் மந்தமாகலாம். ஆனால் அப்போதுதான் வேர் ஆழமாகச் செல்லச் சர்க்கரை வேண்டும். அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில், வறட்சியை அறிவிக்கும் அப்சிசிக் அமிலம் சில நொதிகளைத் தூண்ட, அவை இலையிலுள்ள ஸ்வீட் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்து அவற்றின் கடத்தும் திறனை உயர்த்துகின்றன. வேருக்குச் செல்லும் பங்கு கூடுகிறது. குளிரிலோ தேவை வேறு: சர்க்கரை செல்லுக்குள்ளேயே சேர்ந்து, உறைநிலையைத் தாழ்த்திச் சவ்வுகளைக் காக்க வேண்டும். ஆகவே அப்போது, செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் சர்க்கரையைச் சேமிக்கும் கடத்திகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

இதே வாயில்களை எதிரிகளும் அறிந்திருக்கின்றன. நெற்பயிரில் இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, தன் புரதமொன்றைப் பயிரின் செல்லுக்குள் செலுத்தி ஸ்வீட் மரபணுவை இயக்குகிறது. அதனால் செல்லிலிருந்து கசியும் சர்க்கரை அதற்குத் தீனியாகிறது. மரபணுவின் முன்பகுதியில் அந்தப் புரதம் பற்றும் இடத்தை மட்டும் திருத்திய நெல் வகைகளை ஆய்வாளர்கள் 2019இல் உருவாக்கினர். சர்க்கரைக் கடத்தியை அழிக்காமல், பாக்டீரியாவின் கைக்கு எட்டும் பிடியை மட்டும் அகற்றிய திருத்தம் அது.