பச்சைக் கோடு ஏன் நகரமாட்டேன் என்கிறது?

சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்த பிரவுசிங் சென்டருக்குள்ளும் கால் வைக்க முடியாது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று ஆளுக்கு நாலு ஸ்கேன், எல்லாம் வருஷக்கணக்கில் ஒரே ஃபோல்டரில்தான் போய் விழும். அவசரத்துக்கு அந்த ஃபோல்டரைத் திறந்தால் விண்டோஸில் மேலே முகவரிப் பட்டையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். "அண்ணே, ஏறிடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ரேம் போடு, ஃபார்மட் அடி என்பார்கள். இதற்கு இரண்டுமே பெரும்பாலும் தண்டச் செலவு.

ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் டிஸ்க்கில் தனியாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பெயர், அளவு, கடைசியாக மாற்றிய தேதி எல்லாம் அதிலேயே உண்டு. ஐயாயிரம் ஃபைல் இருந்தாலும் அந்தப் பட்டியல் ஒன்றிரண்டு எம்பிதான் வரும், நொடியில் படித்துவிடலாம். வி.ஏ.ஓ. அடங்கலைப் புரட்டிச் சொல்வது மாதிரி. ஆனால் ஃபோல்டரைத் திறந்து காட்டும் விண்டோஸ் மென்பொருளான எக்ஸ்ப்ளோரர் அதோடு நிற்காமல் வரப்பேறி ஒவ்வொரு வயலாகப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது, நாம் கேட்காமலே.

எப்படியென்றால், ஃபோல்டரில் ஜேபெக் படங்கள் அதிகம் இருந்தால் 'இது போட்டோ ஃபோல்டர்' என்று அதுவாகவே முடிவு கட்டி, 'டேட்' என்று ஒரு பத்தியை (காலம்) கொண்டுவந்து வைக்கும். அது படம் எடுத்த தேதி, பட்டியலில் இருக்காது, ஒவ்வொரு ஃபைலையும் திறந்து உள்ளே தேட வேண்டும். ஃபைல் பெயரோடு தெரியும் சிறுபடங்களையாவது (தம்ப்நெயில்) திரையில் தெரிகிறவற்றுக்கு மட்டும் தயாரிக்கும். அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தச் சொன்னாலோ எது முதலில் வரும் என்று தெரிய ஐயாயிரத்தையும் திறந்தாக வேண்டும். ஸ்கேன் செய்த படத்திலும் வாட்ஸ்அப்பில் வந்த படத்திலும் அந்தத் தேதியே பெரும்பாலும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. இல்லை என்று தெரிந்துகொள்ளவும் திறந்துதானே பார்க்க வேண்டும்?

பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும், ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். டிஸ்க்கைப் படிக்கும் முள் நகர சுமார் 10, வேண்டிய இடம் சுற்றி வர சராசரியாக ஐந்தரை, ஆக ஒரு ஃபைலைத் தொடவே 15 மில்லிசெகண்ட் போய்விடும். ஐயாயிரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 75 நொடி. இடையில் ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் சோதித்தால் இன்னும் இழுக்கும்.

சரி, வழி என்ன? ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ். அங்கே 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். அப்புறம் ஃபோல்டரைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' வியூவில் 'டேட் மாடிஃபைட்' வரிசை வையுங்கள், அது பட்டியலிலேயே இருக்கிற தேதி. அநேகமாக இதிலேயே தீர்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டுப் பழையதை ஒதுக்கினால் இன்னும் நல்லது.

கம்ப்யூட்டரைச் 'சுத்தம் செய்யும்' மென்பொருள்களை நான் கிட்டவே சேர்ப்பதில்லை. தயாரித்த சிறுபடங்களை விண்டோஸ் ஓரிடத்தில் சேமித்துவைக்கிறது, இவை அதைக் குப்பை என்று அள்ளிக் கொட்டிவிடும், மறுநாள் எல்லாப் படத்தையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ரைட் கிளிக் செய்தால் மட்டும் மெனு வரத் தாமதமாகிறதா? அது வேறு சங்கதி: ஜிப், பிடிஎஃப், கிளவுட் என்று நீங்கள் நிறுவிய ஒவ்வொன்றும் அந்த மெனுவில் தன் வரியைச் சொருகியிருக்கும், வேண்டாததை நீக்குங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றினால் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை, அந்த 75 நொடி பெருமளவு கரைந்துவிடும். ஆனால் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரை நெட்வொர்க் டிரைவாக இணைத்துவைத்து, அது அணைந்து கிடந்தால், பதில் வருமா என்று எக்ஸ்ப்ளோரர் காத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கு எஸ்எஸ்டி உதவாது, அந்த டிரைவை டிஸ்கனெக்ட் செய்ய வேண்டியதுதான்.