அரசியல் சாசனத்தைத் திருத்த மாநிலங்களின் சம்மதம் எப்போது தேவை?

கூட்டாட்சி நாட்டில் மாநிலங்களுக்கு என்னென்ன அதிகாரம் என்று எழுதி வைத்திருப்பதே அரசியல் சாசனத்தில்தான். அதை மத்திய அரசு நினைத்த நேரத்தில் தனியாகத் திருத்தலாம் என்றால் அந்த அதிகாரத்துக்கு என்ன உத்தரவாதம்? அதனால்தான் சாசனத் திருத்தத்தில் மாநிலங்களுக்கும் பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறுகிறது.

அமெரிக்காவில் எந்தத் திருத்தமானாலும், காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிந்த பிறகு, 50 மாநிலங்களில் 38 ஒப்புதல் தந்தாக வேண்டும். அதிபர் கையெழுத்துகூடத் தேவையில்லை. காங்கிரஸ் அசையவில்லையா, 34 மாநிலங்கள் சேர்ந்து மாநாடு கூட்டச் சொல்லலாம். ஆனால் அந்த வழியை இன்றுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

மாநிலங்கள் ஒப்புதல் தரக் கெடு வைக்கவில்லை என்றால் இது எவ்வளவு இழுக்கும் தெரியுமா? காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது அமலுக்கு வர வேண்டும் என்கிற 27-வது திருத்தம் 1789-ல் முன்மொழியப்பட்டு அப்படியே கிடந்தது. 1982-ல் கிரிகரி வாட்சன் என்ற டெக்சாஸ் மாணவர் அதைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதினார். கிடைத்தது சி கிரேடு. மனிதர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதி ஆதரவு திரட்ட, 1992-ல் திருத்தம் நிறைவேறியது. ஆண், பெண் சம உரிமைத் திருத்தத்துக்கோ கெடு இருந்தது. நீட்டித்தும் 1982-க்குள் 35 மாநிலங்கள்தான் சேர்ந்தன.

இந்தியாவில் பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றமே போதும். உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்ற சில விஷயங்களில் மட்டும் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் சம்மதிக்க வேண்டும் என்கிறது 368-வது பிரிவு. ஜிஎஸ்டி திருத்தம் அந்த வகை: 2016 ஆகஸ்ட் 8-ல் மக்களவை தாண்டி, 12-ல் அசாம் முதல் ஆளாகச் சம்மதித்து, செப்டம்பர் 8-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது 3-வது பிரிவுதான். ஒரு மாநிலத்தையே பிரிக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும், அதைச் சாசனத் திருத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெலங்கானா கோரிக்கையின் நியாயம் வேறு விஷயம், ஆனால் 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அமெரிக்காவில் அந்த மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.